கணப்புக்கு அருகே வைத்த பெட்டி

போதகர் ஐயா, உங்கள் இளைய மகன் ஒருநாள் என் பட்டறைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டான். அப்போது அவனுக்கு ஐந்து வயது இருக்கும். மேசையில் கிடந்த குழலை எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு, "தாத்தா, மெதுவா ஊதினா பாடுது, பலமா ஊதினா ஏன் கத்துது?" என்றான். குழல் வாங்க வரும் பெரிய மனிதர்கள்கூட அதைக் கேட்டதில்லை.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். ஓபோ என்ற குழலின் முனையில் நாணலில் செய்த சீவாளி இருக்கிறது; ஊதுகிறவன் அதை உதட்டால் கடித்து அடக்கி வழிக்குக் கொண்டுவரலாம். பக்கவாட்டில் பிடித்து ஊதும் குழலுக்கு ஊதுகிறவனின் உதடே வாய். எங்கள் நேர்க்குழல் அப்படியில்லை. பறவை அலகு போன்ற அதன் முனையை வாயில் வைத்துக்கொள்கிறோம். முன்னால் ஏழு துளை, பின்னால் ஒன்று. இங்கிலாந்து வியாபாரிகள் இதை ரெக்கார்டர் என்பார்கள். இதன் வாயை, காற்று போகிற வழியை, கடைசல்காரன் முன்பே மரத்தில் வெட்டி, ஒரு தேவதாருக் கட்டையைச் செருகி முடித்துவிடுகிறான். ஊதுகிறவன் மூச்சை விடலாம், விரலை மாற்றலாம், அவ்வளவுதான். வாய் சரியில்லை என்றால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற மரக்குழல்களைவிட இது தன்னைச் செய்தவனை அதிகமாக நம்பி இருக்கிறது. அதனால்தான் முரட்டுத்தனம் தாங்காது என்றேன். பிள்ளைக்குப் புரிந்ததோ என்னவோ, மறுபடி மெதுவாக ஊதினான்.

சென்ற ஞாயிறு நீங்கள் என்னைக் கேட்டீர்கள், எண்ட்ரெஸ் ஏன் இப்படி ஒடுங்கிப்போனான், சிபில்லாவின் சாவுக்கு முன்பே அவனுக்கு ஏதோ நடந்திருக்கிறதே என்று. நாளை கோயிலில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு வர வேண்டும். அதற்கு முன் சொல்லிவிடுவது நல்லது. மூடி மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

எண்ட்ரெஸ் என் பட்டறைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தனியாகத் தொழில் நடத்தும் உரிமை இல்லாத வேலையாள். என் வீட்டு மேல்மாடியில் தூக்கம், என் மேசையில் சாப்பாடு. என் மனைவி போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் வந்து மூன்று வருடம் கழித்து ஒரு வசந்தத்தில், தோட்டத்தில் பறவைகள் குறைந்துவிட்டன என்று அவனிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். "ஆமாங்கய்யா. இந்த வருஷம் கம்மிதான்" என்றான்.

பறவைகள் குறையவில்லை. மேல்சுரங்கள் என் காதுக்கு எட்டாமல் போயிருந்தன. அவன் அதை அந்த நிமிடமே தெரிந்துகொண்டான். இன்றுவரை ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அடுத்த வாரம் ஆன்ஸ்பாக் அரண்மனையிலிருந்து ஒருவர் வந்து குழல் ஊதிப் பார்த்தபோது, எண்ட்ரெஸ் அவருக்குப் பின்னால் நின்று தன் வலது காதைச் சொறிந்தான். மேலே சுரம் கூடுகிறது என்று அர்த்தம். இடது காது என்றால் குறைகிறது. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. நான் தலையை ஆட்டி, "மேல கொஞ்சம் கூடுது. நாளைக்கு வாங்க, சரி பண்ணித் தரேன்" என்றேன். அவர் போகும்போது, செபால்டின் காது போல நியூரம்பெர்க்கிலும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். குழலின் வாயை வெட்டியது எண்ட்ரெஸ். கேட்டது எண்ட்ரெஸ். ஆறு வருடமாக அப்படித்தான்.

சிபில்லா மதுவடிப்பவரின் விதவை வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். இருவருக்கும் நான்கு வருடப் பழக்கம். தொழில் உரிமை இல்லாத வேலையாளுக்குத் திருமண அனுமதி கிடையாது என்பது நம் ஊர் விதி. அதை நான் உண்டாக்கவில்லை. ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து எங்கள் வாசல்வரை வருவாள். சிரித்துக்கொண்டே பேசுகிற பெண்.

"ஐயா, உங்க ஆளு காதைச் சொறியுறத கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் ஒருமுறை. "கோயில்ல பாட்டு நடக்கும்போதும் சொறியுறாரு. பக்கத்துல இருக்குற பொம்பளைங்க என்னைப் பாக்குறாங்க. இவளுக்கு வாய்ச்சவனுக்குப் பேன் போலன்னு."

"பேன் இல்லடி. பாடகருங்க சுருதி வெலகுது" என்றான் எண்ட்ரெஸ்.

"வெலகட்டும். ஆண்டவரே பொறுத்துக்கிறாரு, உனக்கென்ன?"

நான் சிரித்தேன். அவளை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

சென்ற குளிர்காலத்தில் எண்ட்ரெஸுக்கு உரிமைத் தேர்வு வந்தது. தேறினால் ஈஸ்டருக்குப் பிறகு திருமணம், தனிப் பட்டறை. கடைசல்காரர் சங்கத்தில் மேற்பார்வையாளர்கள் நால்வர்; நானும் ஒருவன். தேர்வுக் குழலை அவர்களில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, யார் உதவியும் இல்லாமல் செய்ய வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி முத்திரையிட்டு, சாவியை மேற்பார்வையாளர் வைத்துக்கொள்வார். வேலையாளின் சொந்த முதலாளி வீட்டில் தேர்வு நடக்கக் கூடாது. ஆனால் அந்த முறை இன்னொரு மேற்பார்வையாளரான யோப்ஸ்ட் மூட்டுவாதத்தில் படுத்திருந்தார். மற்ற இருவர் வீட்டிலும் இடமில்லை. "உன் வீட்லயே வெச்சுக்க, செபால்ட். உன்னை நம்பாம யாரை நம்புறது?" என்று யோப்ஸ்ட் சொல்லியனுப்பினார். பெட்டியை என் படுக்கையறையில் வைத்தேன், ஜன்னலுக்குக் கீழே.

மரத்தை அவன் என் பரணிலிருந்து எடுத்தான். பேரி மரம், ஏழு வருடம் உலர்ந்தது. நான் கூடவே நின்றேன். விரலால் தட்டிப் பார்த்து அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை குழல் முடிந்தது. முதல்முறை ஊதினான். கீழ்ச்சுரங்கள் எனக்குக் கேட்டன; அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் உருண்டு திரண்டு வந்தன. மேலே ஏறியதும் எனக்கு அவன் விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. எனவே முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை அவனிடம் கண்டதில்லை. கால் மணி நேரம் ஊதினான். பிறகு துடைத்து, எண்ணெய் தடவி, என் கையில் கொடுத்தான். பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வியாழக்கிழமை நால்வரும் கூடிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அன்று ஜன்னலடித் தரை ஈரமாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக் கணப்புக்கு அருகே வைத்தேன். கனமில்லை, ஒரு ஆள் தூக்கலாம். நல்ல பொருள் ஈரத்தில் கிடக்க வேண்டாமே என்று தோன்றியது. செவ்வாய் வரை கணப்புக்கு நிறைய விறகு போட்டேன்; இந்த வயதில் குளிர் தாங்குவதில்லை. புதன்கிழமை பெட்டியை மறுபடி ஜன்னலடியில் வைத்தேன்.

உங்களுக்கு மரவேலை தெரியாது என்பதால் ஒன்று சொல்கிறேன். புதிதாக ஊதி உள்ளே நனைந்த குழலைச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், உள்ளே ஈரமும் வெளியே காய்ச்சலுமாக மரம் இழுபட்டு வெடிக்கும். கட்டை சுருங்கிக் குரல் கம்மும். தொழிலுக்கு வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது அது. நான் முப்பது வருடமாகச் சொல்லித்தந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை யோப்ஸ்டை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். முத்திரையை உடைத்து அவர்தான் குழலை எடுத்தார். ஊதினார். தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் ஒரு காற்று வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாயிலிருந்து கீழே மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

"என்னடா இது?" என்றார் யோப்ஸ்ட். "நேத்து வெட்டுன மரமா? அதுல குடியிருந்த அணில் எறங்கறதுக்குள்ள கடைஞ்சிட்டியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எண்ட்ரெஸ் சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை. குழலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு வருஷம் காஞ்ச மரங்க" என்றான். "ஐயாவோட பரண்ல எடுத்தது. ஐயாவைக் கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பரண்ல எவ்வளவோ மரம் கெடக்கு" என்றேன். "எதை எடுத்தான்னு நான் பாக்கல. கல்யாண அவசரம், சின்ன வயசு. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

"உனக்கு மனசு ரொம்ப இளகினது, செபால்ட்" என்றார் யோப்ஸ்ட். "என் வீட்டு ஆளா இருந்தா மூட்டையோட தெருவுல நிக்க வெச்சிருப்பேன்."

பச்சை மரத்தில் வேலை செய்வது எங்கள் தொழிலில் வாங்குபவனை ஏமாற்றுவதற்குச் சமம். சங்கத்தைவிட்டே நீக்கியிருப்பார்கள். நான் கேட்டுக்கொண்டதால் தண்டனையைக் குறைத்தார்கள்: ஐந்து வருடத்துக்கு மறுபடி தேர்வு கிடையாது; அதுவரை என் கூரையின் கீழ், என் கண்காணிப்பில் மட்டும் வேலை செய்யலாம். நான் எழுந்து நன்றி சொன்னேன். எண்ட்ரெஸும் சொன்னான். அவர்கள் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் என்னாகியிருப்பேங்கய்யா" என்றான்.

அவன் கெட்டுப்போக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இப்போதெல்லாம் அரண்மனைக்காரர்கள் ஓபோவும் பக்கக்குழலும் கேட்கிறார்கள். புதிதாகப் பட்டறை வைத்தால் அவன் கஷ்டப்பட்டிருப்பான். ஐந்து வருடம் அவனுக்கு ஒன்றும் பெரிதில்லை. எனக்கு அதற்கு மேல் ஆயுள் இருக்காது.

சிபில்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில், தேர்வு தொடங்கியிருந்த சமயம், எண்ட்ரெஸ் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனபோது அவள் என்னைத் தேடி வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"ரெண்டு மாசம் தள்ளிப்போச்சுங்கய்யா" என்றாள். "அவருகிட்ட சொல்லல. கேட்டா கை நடுங்கிடும். குழல் முடியட்டும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். தேதிய கொஞ்சம் முன்னாடி வெக்க முடியுங்களா? ஈஸ்டரோட கல்யாணம் ஆயிட்டா போதும், யாரும் விரல் விட்டு எண்ண மாட்டாங்க."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். தேர்வுத் தேதியை ஒரு வாரம் முன்னால் வைத்தேன். அதைச் செய்தேன்.

தீர்ப்புக்குப் பிறகு, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில், மறுபடி வந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. எண்ட்ரெஸிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். ஆக்ஸ்பர்க்கில் அவனுடைய அக்கா இருக்கிறாள். அங்கே போய்க் கூலி வேலையாவது செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்றாள். ஆக்ஸ்பர்க்கில் நல்ல பட்டறைகள் இருக்கின்றன, போதகர் ஐயா. எங்கள் சங்கத்தின் தீர்ப்பு அங்கே போய்ச் சேர்வதற்குள், அவன் காது எப்பேர்ப்பட்டது என்று தெரிந்துகொண்டிருப்பார்கள்.

"இப்ப வேண்டாம்மா" என்றேன். "அவன் ஒடஞ்சு கெடக்கான். இன்னொரு பாரம் தாங்க மாட்டான். சமயம் பாத்து நானே பக்குவமா சொல்றேன். நீ என்கிட்ட சொன்னதும் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வாக்கு குடு."

கொடுத்தாள். என் கையில் முத்தமிட்டுவிட்டுப் போனாள். அதன்பின் கனத்த பாவாடைகளுக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு, ஞாயிறுகளில் எங்கள் வாசலுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ரேகன்ஸ்பர்க் பள்ளிப் பாடகர் குழுவின் குழல்களைச் சீர்செய்ய ஆள் கேட்டு எழுதியிருந்தார்கள். எண்ட்ரெஸை மூன்று வாரம் அனுப்பினேன். எந்த மூன்று வாரம் என்பதை அவர்கள் என் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். சிபில்லா தன் பிரசவ நாளை எனக்குச் சொல்லியிருந்தாள்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மதுக்கிடங்கில், பீப்பாய்களுக்குப் பின்னால், தனியாகப் பெற்றாள்; பிள்ளை இறந்து கிடந்தது. குழந்தை உயிரோடு பிறந்ததா இல்லையா என்பதை வைத்தியராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் கர்ப்பத்தை மறைத்தவள் கொல்லவே மறைத்தாள் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. பிறப்பதற்கு முன் நம்பகமான ஒரு மனிதரிடம், ஒரே ஒருவரிடம், அவள் சொல்லியிருந்தால் அது மறைத்ததாகாது. வாளால் தலையை வெட்டும் தண்டனை இல்லை. நீதிபதிகள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எண்ட்ரெஸ் ஊர் திரும்பியதும் நேரே நகரமன்றத்துக்கு ஓடினான். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது, அவனுக்குப் பொய் வரவில்லை. தெரியாது என்றான். என் காதுக்காக ஆறு வருடம் பொய் சொன்னவன், அன்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

சிபில்லா, "ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவரே வந்து சொல்வாரு" என்றாளாம். பேரைச் சொல் என்று நீங்கள் சிறையில் அவளைக் கெஞ்சினீர்கள் என்று கேள்விப்பட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். நான்கு வாரம் காத்திருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள் என்று சிறைக்காவலர் சந்தையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நான்கு வாரமும் நான் ஊரில்தான் இருந்தேன். என் வீட்டிலிருந்து நகரமன்றம் நானூறு அடி. தினமும் காலையில் போகத்தான் நினைத்தேன். ஒருநாள் மேலங்கிகூடப் போட்டுவிட்டேன். போனால், எப்போது சொன்னாள் என்று கேட்பார்கள். ஜனவரியில் என்றால், பிறகு ஏன் அந்தப் பையனுக்குச் சொல்லவில்லை என்பார்கள். ஒரு கேள்வி இன்னொன்றைக் கொண்டுவரும். கடைசியில் பெட்டிவரை வந்து நிற்கும். கௌரவமாக வாழ்ந்தவனுக்கு இந்த வயதில் அது நல்லதல்ல. அவளாகவே என் பேரைச் சொல்லிவிடுவாள் என்றும் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். அவள் கடைசிவரை சொல்லாமலே வாளுக்குத் தலை கொடுத்தாள்.

எனவே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைக் கணப்புக்கு அருகே வைத்தது நான். என்ன ஆகும் என்று தெரிந்தே வைத்தேன். அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்த பிறகு வைத்தேன். அவள் சொன்ன அந்த ஒருவர் நான்தான்.

எண்ட்ரெஸ் இப்போது சரியாகத்தான் வேலை செய்கிறான். பேச்சு குறைந்துவிட்டது. எல்லாம் தன்னால் வந்தது என்று நம்புகிறான். பரணில் ஏறி, கிடக்கிற பேரி மரத்தை ஒவ்வொரு துண்டாகத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். அன்று எந்தத் துண்டைத் தவறி எடுத்தோம் என்று தேடுகிறான். போன வாரம், "என்னால உங்க பேரும் கெட்டுதுங்கய்யா" என்று மன்னிப்புக் கேட்டான். மன்னித்தேன். அவனிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். தாங்க மாட்டான்.

நான் ஒன்றும் ஈடு செய்யாமல் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியை நான்தான் நறுக்குகிறேன். அவன் கிணற்றடியில் கை கழுவப் போகும்போது, பெரிய துண்டை எடுத்து அவன் பக்கம் வைத்து, அதன் மேல் பன்றிக்கொழுப்பைக் கொஞ்சம் தாராளமாகத் தடவிவிடுகிறேன். சிறிய துண்டு எனக்கு. அவன் இதுவரை கவனித்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. இன்றும் வைத்துவிட்டுத்தான் வந்தேன். இப்படியே ஒருநாளும் விடாமல் வைத்து வந்தால், நான் சாவதற்குள் கணக்குத் தீர்ந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.